அடுப்படி கேள்வி பதில்: மீந்துபோன கிறிஸ்மஸ் ஹாம்

கிறிஸ்மஸ் முடிஞ்சாலே நமக்கு வர்ற கேள்வி எல்லாம் ஒரே மாதிரி தான் இருக்கும், கேக் காஞ்சு போச்சு, கல்கல் நமுத்துப் போச்சுன்னு. இந்த வாட்டி என்னடான்னா வேலூர் பக்கத்துலேர்ந்து வந்ததுல பாதிக்கு மேல ஹாம் பத்தி, அதான் உப்புல ஊற வெச்ச பன்னிக்கறி. பசங்க பெங்களூர்லயும் மெட்ராஸ்லயும் வேல பாக்கறாங்க, லீவுக்கு வரும்போது தூக்கினு வந்துடறாங்க, அப்பறம் அவங்க ரெண்டு நாள்ல கெளம்பிடறாங்க, ஹாம் மட்டும் ஃப்ரிட்ஜுல ஒக்காந்துக்கினு இருக்குது. சரி, ஒன்னொன்னா பாப்போம்.

அக்கா, என் பையன் மூணு கிலோவுக்கு எலும்போட ஹாம் வாங்கியாந்தான். பண்டிக அன்னிக்கு ஆளுக்கு ரெண்டு துண்டு சாப்ட்டாங்க, அவ்ளோதான். வீட்டுக்காரரு "உப்பா கீது, எனக்கு வேணாம்"னுட்டாரு. மறுநாள் மட்டன் மாதிரி கொழம்பு வெச்சேன், வாயில வெக்க முடியல. மீதிய என்ன பண்றது? (காட்பாடி வாசகி)

கண்ணு, நீ மட்டன் மாதிரி வெச்சது தான் தப்பு. ஹாம்ம கறின்னு நெனைக்காத, கருவாடுன்னு நெனச்சிக்கோ. அது பன்னியோட பின்னந்தொடைய உப்புத்தண்ணில நாள் கணக்கா ஊற வெச்சு, அப்பறம் வேக வெச்சோ பொகை போட்டோ எடுக்கறது. நம்ம ஆயா காலத்து உப்புக்கண்டத்துக்கு தூரத்து சொந்தம்னு வெச்சிக்கோயேன். கருவாட்டுக் கொழம்புக்கு யாராச்சும் கை நெறைய உப்பு போடுவாங்களா? மொதல்ல கருவாட்ட சுடுதண்ணில போட்டு அலசுவோம், உப்பு இல்லாத சாமானா பாத்து கூட சேப்போம், தொட்டுக்க களி கிண்டுவோம். ஹாமுக்கும் அதே கணக்கு தான்.

உனக்கு இப்ப நேரம் வேற நல்லாருக்குது, மார்கழி, மார்க்கெட் பூரா பச்ச மொச்சக்கொட்ட. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயும் கெடச்சா விடாத, புவிசார் குறியீடு வாங்குன நம்ம ஊரு காயி அது, கொழம்புல கொழையாம அப்படியே வெண்ணெ மாதிரி நிக்கும். எலும்ப மட்டும் தனியா எடுத்து ஒரு தண்ணில கொதிக்க வெச்சு அந்த தண்ணிய கீழ ஊத்திடு. யோசிக்காத, ஊத்திடு, உப்பு அதுல தான் போவும். அப்பறம் புதுசா ஒரு லிட்டர் தண்ணி ஊத்தி குக்கர்ல ஆறேழு விசில் விட்டு எறக்கினா எலும்புல ஒட்டிக்கினு இருந்த கறியெல்லாம் தானா கழண்டு வரும். இன்னொரு சட்டில சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி கொழம்பு மொளகாத்தூள் போட்டு, உரிச்ச மொச்சையையும் கத்திரிக்காயையும் பெரட்டி, அந்த எலும்புச்சாறு ஊத்தி வேக வுடு. புளி நெல்லிக்காய் அளவு போதும். ஹாம் துண்ட கடைசி அஞ்சு நிமிஷத்துல போடு, ஏற்கனவே வெந்தது தானே, முன்னாடியே போட்டா நாரு நாரா ஆயிடும். உப்ப எறக்கறப்ப ஒரு சொட்டு நாக்குல வெச்சு பாத்துட்டு தேவன்னா மட்டும் போடு. நான் ஒரு வருஷம் கை பழக்கத்துல மொதல்லயே போட்டுட்டேன், எங்க நயினா ஒன்னும் சொல்லல, அஞ்சு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு எழுந்து போயிட்டாரு.

இதுக்கு சோறு வேணாம், கேவுரு களி கிண்டு. களில உப்பு போடாத.

ஒன்னு சொல்ல மறந்துட்டேன், உன் ஹாமுக்கு மேல தேனு, சக்கர, அன்னாசி இதெல்லாம் தடவி சுட்டிருந்தா அந்த மேல் தோல மட்டும் செதுக்கி தனியா வெச்சிடு. புளிக்கொழம்புல அந்த இனிப்பு சேந்தா கொமட்டும். அத பொடிசா நறுக்கி தோசைக்கல்லுல போட்டு ஓரம் மொறுமொறுன்னு ஆனதும் மேல முட்ட ஊத்தி ஆம்லெட்டா எடு. இல்லனா இட்லி மாவுல பச்சமொளகா, வெங்காயத்தோட கலந்து குழிப்பணியாரம் ஊத்து, பசங்க கேட்டு கேட்டு துன்னுவாங்க. எண்ணெ கொஞ்சமா போதும், ஹாம்லயே கொழுப்பு உருகி வரும்.

பிரியாணி போட்டா தீந்துடும் இல்ல? எங்க வீட்ல எது மீந்தாலும் பிரியாணி தான். (ராணிப்பேட்டை)

தீந்துடும், ஆனா பிரியாணி கெட்டுடும். ஆம்பூர் பக்கம் பிரியாணி சாப்ட்டவங்களுக்கு தெரியும், பச்சக்கறி வேகறப்போ விடற சாறு சீரகசம்பா அரிசில எறங்கணும், ருசியே அதுல தான். ஹாம் எப்பவோ வெந்து முடிஞ்சது, அதுலேர்ந்து அரிசிக்கு எறங்கறது உப்பு மட்டும் தான். ஆசையா இருந்தா ஃப்ரைட் ரைஸ் பண்ணுங்க, முந்தின நாள் ஃப்ரிட்ஜுல வெச்ச சோறு, கோஸ், கேரட், முட்ட, நெறைய மெளகு, சோயா சாஸ் மட்டும் வேணாம் அதுவும் உப்பு.

பண்டிக அன்னிக்கு காலைல சர்ச்சுக்கு போறதுக்கு முன்னாடி ஹாம்ம டேபிள்ல வெச்சோம், வர்றவங்க போறவங்க எல்லாம் வெட்டி சாப்ட்டாங்க, ராத்திரி தான் ஃப்ரிட்ஜுல வெச்சேன். சூடு பண்ணிட்டா ஒன்னும் ஆகாதுன்னு மாமியார் சொல்றாங்க. உப்பு போட்டது கெடாதுன்னும் சொல்றாங்க. (சத்துவாச்சாரி)

மாமியார எதுத்து பேசறனேன்னு கோச்சிக்காதம்மா, இத தூக்கி போட்டுடு. உப்புக்கண்டம் கெடாம இருக்கறதுக்கு காரணம் உப்பு மட்டும் இல்ல, வெயில்ல காஞ்சு ஈரம் போனது தான். ஹாம்ல ஈரம் அப்படியே இருக்குது. இன்னொன்னு, நம்ம கையிலயும் மூக்குலயும் ஸ்டெஃபைலோகாக்கஸ்னு ஒரு கிருமி இருக்கும், அதுக்கு உப்பு ஒரு பொருட்டே இல்ல, மத்த கிருமி வளராத எடத்துல கூட அது வளரும். பத்து பேரு கை பட்டு நாள் பூரா வெளில இருந்த ஹாம் அதுக்கு கல்யாண விருந்து மாதிரி. அது வளந்து விடற நஞ்சு இருக்கு பாரு, நீ எவ்ளோ கொதிக்க வெச்சாலும் அழியாது. கிருமி செத்துடும், நஞ்சு அப்படியே நிக்கும், சாப்ட்ட சில மணி நேரத்துல வாந்தி. வாசன வரல, கலரு மாறலன்னு பாத்து நம்பாத, இதுல ஒன்னும் தெரியாது.

சமைச்ச கறி வெளில ரெண்டு மணி நேரம், வெயில் 32 டிகிரிய தாண்டினா ஒரு மணி நேரம், அவ்ளோதான் கணக்கு. டிசம்பர் குளிர்னு நம்பிக்கினு இருப்போம், விடியக்காலைல தான் நம்மூர்ல குளிரு, மத்தியானம் பாத்தா வேர்க்கும். அடுத்த வருஷம் சாப்பட்ற அளவு மட்டும் வெட்டி டேபிளுக்கு கொண்டாந்து மீதிய உள்ளயே வை. பெங்களூர் ட்ரெயின்ல கொண்டாரவங்களும் தெர்மாகோல் டப்பால ஐஸ் போட்டு கொண்டாங்க, சூட்கேஸ்ல துணிக்கு நடுவுல வெச்சு கொண்டாரக்கூடாது.

வெட்டுனா உள்ள ரோஸ் கலரா இருக்கு. வேகலையா?

வெந்தது தான், பயப்படாதீங்க. பக்குவம் பண்றப்போ உப்போட நைட்ரைட் சேப்பாங்க, அதனால வெந்தும் செவப்பு போகாது. ஆனா கவர்ல பாத்துக்கோங்க, சமைக்காமயே விக்கற ஹாமும் இருக்குது, அத வேக வெச்சு தான் சாப்படணும்.

அம்மாவுக்கு பி.பி. இருக்கு, ஆசப்படறாங்க. கொடுக்கலாமா? (குடியாத்தம்)

ஒரு நாளைக்கு மொத்தமாவே 5 கிராம் உப்புக்கு கீழ தான் இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஹாம் நாலு துண்டு சாப்ட்டா அதுல பெரிய பங்கு போயிடும். பண்டிகைக்கு ஒரு துண்டு வாயில போட்டதோட நிறுத்திக்கட்டும், மீதிய தீக்கறேன்னு அவங்க தட்டுல தெனமும் வெக்காதீங்க. பி.பி. இல்லாதவங்களுக்கும் ஒரு வார்த்த, இந்த மாதிரி பக்குவம் பண்ண கறிய அதே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு புற்றுநோய் வரவைக்கற லிஸ்டுல 2015ல சேத்துடுச்சு. பண்டிகைக்கு சாப்படறது வேற, வாரா வாரம் வாங்கறது வேற.

ஃப்ரிட்ஜுல எத்தன நாள் தாங்கும்?

வெந்த ஹாம், வெட்டினதுக்கு அப்பறம் மூணு நாலு நாள். அதுக்குள்ள முடியாதுன்னு தோணினா மொத நாளே ஃப்ரீசர்ல போட்டுடுங்க, நாலாவது நாள் யோசன வந்து போடறது பிரயோஜனம் இல்ல. ஒரு வேளைக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோவா பிரிச்சு, காத்து இல்லாம கவர்ல கட்டி, தேதி எழுதி ஒட்டி வைங்க. ரெண்டு மாசம் வரைக்கும் ருசி போகாது. எலும்பையும் அப்படியே வெச்சா மாட்டுப் பொங்கலுக்கு மொச்சக் கொழம்பு இன்னொரு வாட்டி வெக்கலாம். வெளில வெச்சு உருக வெக்காதீங்க, மொத நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜுல கீழ் தட்டுக்கு எறக்கிடுங்க.

பக்கத்து வீட்டுக்கு கிறிஸ்மஸ் தட்டு கொடுக்கறோம், அதுல ஹாம் வெக்கலாமா?

கேட்டுட்டு வைங்க. என்ன கறின்னு வாய் திறந்து சொல்லாம கொடுக்கவே கூடாது. அவங்களுக்கு பழக்கம் இல்லனா கேக்கும் முறுக்கும் போதும், ஹாம் எடுத்த கரண்டிலயே அத எடுக்காம பாத்துக்கோங்க.

எலும்ப தெரு நாய்க்கு போடலாமா?

வேணாம். வெந்த எலும்பு சில்லு சில்லா ஒடஞ்சு தொண்டைல குத்தும், உப்பு வேற. கவர்ல இறுக்கி கட்டி குப்ப வண்டி வர்ற நேரத்துக்கு நேரா அவங்க கையில கொடுத்துடுங்க, ராத்திரியே வாசல்ல வெச்சீங்கன்னா விடியறதுக்குள்ள எதுத்த வீட்டு கோலத்து மேல கெடக்கும்.