புறவாசல்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக் கைவேலையும் தோட்டமும் எந்த அளவில் இருக்கின்றன, புறவாசலுக்கு எந்தெந்த உயிர்கள் வந்துபோகின்றன என்று எழுதும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் நான்கிற்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: தலையணை உறைகளில் பூவேலை செய்து வருகிறேன், பன்னிரண்டில் ஏழு உறைகள் முடிந்துவிட்டன. இதற்கிடையில், காய்ப்பு ஓய்ந்த கத்திரிச் செடிகளைக் கவாத்து செய்யப் போனபோது, ஒரு செடியில் இரண்டு இலைகளை யாரோ ஊசி நூல் கொண்டு தைத்தது போலச் சேர்த்து, உள்ளே மூன்று முட்டைகள் இருந்தன. செடியை என்ன செய்வது? வெட்டி எறியும் நூல் துணுக்குகளை இந்தப் பறவைக்காக வெளியே வைக்கலாமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தங்கள் தோட்டத்திற்கு வந்திருப்பது தையல்சிட்டு. சிவந்த உச்சந்தலையும், பச்சை கலந்த முதுகும், எப்போதும் தூக்கிப் பிடித்த வாலுமாகச் செடிகளுக்குள்ளேயே திரியும் மிகச் சிறிய பறவை அது. உருவத்தை நோக்க அதன் குரல் மிகப் பெரிது என்பதைத் தாங்களே கவனித்திருப்பீர்கள். ஊசி பிடிக்கத் தெரிந்தவர் என்பதால் அதன் வேலையைத் தங்களால் நன்றாக மதிப்பிட முடியும். பெண் பறவை தன் அலகால் இலை ஓரத்தில் மிக நுண்ணிய துளையிட்டு, சிலந்தி நூலையோ பஞ்சு இழையையோ அதன் வழியே இழுத்து விடுகிறது. வெளியே வந்த இழையின் நுனி பிரிந்து பரவுவதால் அது முடிச்சு போல நின்றுகொள்கிறது. நாம் போடும் ஓட்டுத் தையலைப் போல ஒரே நூல் தொடர்ந்து ஓடுவதில்லை. ஒவ்வொரு தையலும் தனித்தனி. துளைகள் சிறியவை என்பதால் இலையும் வாடாமல் பச்சையாகவே இருந்து, கூட்டை மறைத்துக் காக்கிறது.

எனவே மற்றச் செடிகளைக் கவாத்து செய்துகொண்டு, அந்த ஒரு செடியையும் அதற்குப் பக்கத்தில் நிழல் தரும் செடியையும் விட்டுவிடுங்கள். முட்டை பொரிய ஏறத்தாழ 12 நாட்களும், குஞ்சுகள் கூட்டை விட்டுக் கிளம்ப மேலும் இரண்டு வாரங்களும் ஆகும். ஒரு மாதத்திற்குள் செடி தங்கள் கைக்குத் திரும்பிவிடும். அதுவரை தண்ணீரைத் தூரில் மட்டும் ஊற்றுங்கள், மருந்து தெளிக்காதீர்கள். கத்திரி இலைகளில் மேயும் புழுக்களைத்தான் தாய்ப்பறவையும் தந்தைப்பறவையும் குஞ்சுகளுக்குக் கொண்டுவந்து ஊட்டுகின்றன என்பதால், மருந்து தெளித்தால் நஷ்டம் இரு பக்கத்திற்கும்தான். அடிக்கடி இலையை விலக்கிப் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும். நாம் எங்கே குனிகிறோம் என்பதைக் காகமும் செம்போத்தும் நம்மை விடக் கூர்மையாகக் கவனிக்கின்றன.

நூல் துணுக்குகளை வைக்க வேண்டாம். நல்லெண்ணத்தில் வைக்கப்படும் நீள நூல் குஞ்சின் காலில் சுற்றி இறுகிவிடுவது உண்டு. பூவேலைக்குப் பயன்படும் பளபளப்பான செயற்கை இழை மட்கவும் செய்யாது, அறுபடவும் செய்யாது. உதவியே ஆக வேண்டும் என்றால், பழைய தலையணையிலிருந்து ஒரு பிடி இலவம் பஞ்சை வேலிக் கம்பியில் செருகி வைக்கலாம். அதை விடவும் நல்ல உதவி, சுவர் மூலையில் இருக்கும் சிலந்தி வலைகளை இந்த மாதம் மட்டும் ஒட்டடைக்கோலிலிருந்து காப்பாற்றுவதுதான். எட்டாவது உறையில் தையல்சிட்டையே தைக்கப் போவதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். வால் மேல்நோக்கி இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: பாட்டியிடம் அரைகுறையாகக் கற்ற நினைவில் பனையோலைப் பெட்டி முடைகிறேன். மூன்றாவது பெட்டி முடிந்துவிட்டது. அடிப்பாகம் இப்போது நன்றாக வருகிறது, ஆனால் மூலையில் மடக்கும்போது ஓலை வெடிக்கிறது, வாய்ப்பக்கமும் கோணலாகிறது.
– ஒரு வாசகர், பணகுடி

பதில்: பணகுடி என்பதிலேயே பாதிக் காரணம் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று, காற்றாலைகளுக்கு நல்லது, ஓலைக்கு ஆகாது. காலையில் பதமாக இருந்த ஓலை மதியத்திற்குள் முறுகிவிடும். முதல் நாள் இரவே ஓலையின் மேல் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, காற்று எழும்பும் முன் விடியற்காலையில் முடையுங்கள். பாட்டிமார் சமையலுக்கு முன்பே திண்ணையில் அமர்ந்து முடைந்ததற்குப் பொழுது மட்டும் காரணமில்லை. ஆனால் ஓலையைத் தொட்டியில் போட்டு ஊற வைக்கவும் கூடாது: நனைந்து உப்பிய ஓலையில் முடைந்த பெட்டி, காய்ந்து சுருங்கியதும் இடுக்கு இடுக்காக விட்டுப்போகும்.

மூலை வெடிப்பதற்கு ஓலையின் வயதும் காரணமாக இருக்கலாம். முற்றிய ஓலை கூரைக்கும் வேலிக்கும் ஏற்றது. மடித்துத் திருப்ப வேண்டிய வேலைக்குக் குருத்தோலைதான் வளைந்து கொடுக்கும். கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிப்பவர்கள் இளம் ஓலையையே தேடுவதை நம் பக்கத்தில் எல்லோரும் அறிவர். அதற்காக ஒரே மரத்தில் குருத்தைத் திரும்பத் திரும்ப வெட்டக் கூடாது. பனைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று, அது பட்டுப்போனால் மரமே பட்டுப்போகும்.

வாய் கோணுவது கையின் குற்றமில்லை, கீற்றின் குற்றம். ஈர்க்கை நீக்கியபின் எல்லாக் கீற்றுகளையும் ஒரே அகலத்தில் வகிர வேண்டும். ஒரு மரக்கட்டையில் இரண்டு பிளேடுகளைத் தேவையான இடைவெளியில் பதித்துக்கொண்டு, அதன் வழியே ஓலையை இழுத்தால் அகலம் மாறாது. நான்காவது பெட்டியைப் பற்றியும் எழுதுங்கள்.

கேள்வி: மாடித் தோட்டத்தில் சுரைக்கொடி பந்தல் முழுவதும் ஏறிவிட்டது. தினமும் பூக்கிறது, பிஞ்சும் தெரிகிறது, ஆனால் எல்லாம் வெம்பி விழுகின்றன. காலையில் தேனீக்களும் வருகின்றனவே?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: தேனீக்கள் தவறான வேளையில் வருகின்றன. சுரைப்பூ சாயங்காலம் மலர்ந்து இரவில் விழித்திருக்கும் பூ. அதைத் தேடி வர வேண்டியவை அந்திப்பூச்சிகள். விளக்கு வெளிச்சம் நிறைந்த மொட்டை மாடியில் அவை குறைவாக வரலாம். பொழுது சாய்ந்ததும், அடியில் பிஞ்சு இல்லாத ஆண் பூ ஒன்றைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பிஞ்சுள்ள பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவி விடுங்கள். அதன் பிறகும் பிஞ்சு அழுகி விழுந்தால் பிளந்து பாருங்கள். உள்ளே சிறு வெண்புழுக்கள் இருந்தால் அது பழ ஈயின் வேலை. அத்தகைய பிஞ்சுகளைச் செடியடியில் போடாமல் அப்புறப்படுத்த வேண்டும்.

கேள்வி: பத்தமடைப் பாய் நெய்தவர் ஒருவரிடம் பழகி, வீட்டில் சிறு தறி போட்டிருக்கிறேன். முழங்கை நீளத்திற்கு நெய்தாகிவிட்டது. ஆனால் கோரைக் கட்டுகளை அடுக்கிய சாய்ப்பில் ஆறடிச் சாரைப் பாம்பு குடிவந்துவிட்டது. சாரை இருக்கும் இடத்திற்கு நல்ல பாம்பு இணை சேர வரும் என்று வீட்டில் அஞ்சுகிறார்கள்.
– ஒரு வாசகர், சேரன்மகாதேவி

பதில்: அந்த அச்சம் வேண்டாம். சாரையும் நல்ல பாம்பும் வெவ்வேறு இனங்கள். அவை இணை சேர்வதில்லை. பின்னிப் பிணைந்து நிமிர்ந்து ஆடுவதாக மக்கள் காண்பது, பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் ஒன்றையொன்று அழுத்தி வீழ்த்த முயலும் சண்டையே. சாரைக்கு நஞ்சு இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளிப்பதால் அடிப்பதும் குற்றமாகும். அது கோரைக்காக வரவில்லை, கோரைக் கட்டுக்குள் கூடு கட்டும் எலிக்காக வந்திருக்கிறது. எலி கடித்த கோரையை நெய்ய முடியாது என்பது தங்களுக்கே தெரியும்.

எனினும் சாரையைத் தவிர வேறு பாம்பும் எலியைத் தேடி வரலாம். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. அதன் கடி வலிக்காமலும் வீங்காமலும் இருக்கக்கூடும் என்பதால், சாய்ப்புக்கு அருகில் தரையில் பாய் விரித்து யாரும் உறங்க வேண்டாம். கடி பட்டதாக ஐயம் எழுந்தாலே, வலி வரட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கோரைக் கட்டுகளைத் தரையில் அடுக்காமல், சுவரை ஒட்டாமல், இரண்டடி உயரப் பரணில் வைத்தால் எலியும் குறையும், கோரையிலும் ஈரம் ஏறாது. கட்டை எடுக்கும் முன் ஒரு கம்பால் தட்டிவிட்டு, சற்று நின்று, பிறகு கையை நீட்டுங்கள்.