160 மி.மீ. கார்பனா, 130 மி.மீ. அலுமினியமா?

கேள்வி: என்னுடையது பத்து வருடப் பழைய ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக். 27.5 அங்குல வீல், 120 மி.மீ. டிராவல் (சஸ்பென்ஷன் அமுங்கும் தூரம்), ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணம்) 68 டிகிரி, பின் ஆக்ஸில் அகலம் 142 மி.மீ. செங்குத்தான இறக்கத்தில் ஹேண்டில்பாருக்கு மேலே கவிழ்ந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கப் பின்பக்கம் அமுங்கி எழுகிறது. ஃபிரேமை மட்டும் மாற்ற ஆசை. தினமும் ராத்திரி ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 160 மி.மீ. கார்பன் வாங்கவா, 130 மி.மீ. அலுமினியம் வாங்கவா? இரண்டுமே 29 அங்குல வீலுக்கானவை. பெரும்பாலும் ஏறி இறங்கும் காட்டுப் பாதைகளில்தான் ஓட்டுகிறேன்.

பதில்: 130 மி.மீ. அலுமினியம் வாங்குங்கள். உங்கள் மனசு 160 பக்கம் சாய்வது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இறக்கத்தில் வரும் பயத்துக்கு டிராவலைவிட ஹெட் ஆங்கிள்தான் முக்கியக் காரணம். 68 டிகிரியில் முன்வீல் உங்களுக்கு ரொம்பக் கிட்டே இருக்கிறது. செங்குத்தில் உடல் எடை சட்டென்று அதைத் தாண்டப் பார்க்கும். இப்போதைய டிரெயில் ஃபிரேம்களில் அந்தக் கோணம் 65, 66 டிகிரி அளவில் இருக்கிறது, ரீச்சும் (பெடல் கிராங்க் சுழலும் அச்சிலிருந்து ஃபோர்க் நுழையும் முன்குழாயின் உச்சி வரை கிடையாக உள்ள தூரம்) நீளம். முன்வீல் தள்ளிப் போய்விடுவதால் நீங்கள் பைக்குக்கு நடுவில் நிற்பீர்கள். இந்த நிம்மதி 130 மி.மீ. ஃபிரேமிலேயே கிடைத்துவிடும். கூடுதல் 30 மி.மீ. பெரிய குதிப்புக்கும் வேகமான பாறை இறக்கத்துக்கும் உதவும். உங்கள் மாதிரிப் பாதையில் அது பைக்கை மந்தமாக்கிவிடும்.

சைஸ் பார்க்கும்போது எம், எல் என்ற எழுத்தை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியின் எல்லாக இருக்கும். ரீச் எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

ஏற்றத்தில் அமுங்குகிறது என்றீர்களே, அதை இன்றைக்கே சோதிக்கலாம். வழக்கமாக ஓட்டும் உடுப்போடு, பையும் தண்ணீரும் சேர்த்து பைக்கில் உட்காருங்கள். ஷாக் தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தை சீல் வரை தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்கி, வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஷாக்கின் ஸ்ட்ரோக் (ஷாக் முழுசாக அமுங்கும் தூரம்) 50 மி.மீ. என்றால் 12.5 முதல் 15 மி.மீ. வரை நகர்ந்திருக்க வேண்டும். அதைத் தாண்டினால் ஷாக் பம்ப்பால் காற்று ஏற்றுங்கள். அப்புறம், சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். 'டொக்' என்று ஒரு ஆட்டம் தெரிந்தால் பிவட் பேரிங்கோ ஷாக் புஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். அதையும் மாற்றியபின் ஓட்டிப் பார்த்தால், புது ஃபிரேமை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது தெளிவாகும்.

பின் சஸ்பென்ஷன் அமைப்பு சிங்கிள் பிவட்டா, ஹார்ஸ்ட் லிங்க்கா என்ற விவாதத்தில் தூக்கத்தை இழக்காதீர்கள். சாக் நிலையில், அதாவது நீங்கள் உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கி நிற்கும் நிலையில், ஆன்டி-ஸ்குவாட் (மிதிக்கும்போது பின்பக்கம் அமுங்குவதை எதிர்க்கும் அளவு) 100 சதவீதத்தை ஒட்டி இருந்தால், மிதிக்கும்போது அவ்வளவாக அமுங்காது.

எனக்குக் கவலை தருவது "ஃபிரேமை மட்டும்" என்ற வார்த்தைதான். இப்போது வரும் டிரெயில் ஃபிரேம்கள் பெரும்பாலும் 'பூஸ்ட்' எனப்படும் 148 மி.மீ. அகலப் பின் ஆக்ஸில். உங்கள் 142 மி.மீ. ஹப் அதில் அப்படியே உட்காராது. 27.5 வீல்கள் வேறு, ஆக இரண்டு வீலும் புதிதாக வேண்டும். ஃபோர்க்கும் 29-க்கு ஏற்றதாக, 130 அல்லது 140 மி.மீ. டிராவலோடு வேண்டும். சீட் போஸ்ட் விட்டத்தையும் பாட்டம் பிராக்கெட் (பெடல் கிராங்க் சுழலும் பேரிங்) வகையையும் சரிபாருங்கள். பிரேக், ஹேண்டில்பார், சீட், பெடல் பெரும்பாலும் கூட வரும். கார்பனுக்குப் போகும் பணத்தை நல்ல ஃபோர்க்கில் போடுங்கள்; அந்த வித்தியாசம் கையில் தெரியும்.

ஆர்டர் கொடுக்குமுன், சொன்ன விலையில் பின் ஷாக் சேர்த்தியா என்று கேட்டுவிடுங்கள். சில ஃபிரேம்களை ஷாக் இல்லாமலும் விற்பார்கள்.