அப்பா அம்மாவோட கின்னௌர், ஷிப்கி லா போறீங்களா? முதல்ல ராத்திரி எந்த ஊர்ல தங்கணும்னு முடிவு பண்ணுங்க

மதுரைல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "அண்ணா, எங்க அப்பா ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆனவர், வயசு 68, பிபி மாத்திரை சாப்பிடுறார். அம்மாவுக்கு 63. ஷிப்கி லாவை டூரிஸ்ட்டுக்கு திறந்துட்டாங்கன்னு நியூஸ்ல பாத்ததுல இருந்து அங்க போகணும்னு அப்பா ஒரே பிடிவாதமா இருக்கார். செப்டம்பர் கடைசில 8 நாள் லீவு கிடைக்கும். சண்டிகர் வரைக்கும் ஃப்ளைட், அங்க இருந்து வாடகை கார். கின்னௌர், ஷிப்கி லா, காஸா எல்லாம் பாத்துட்டு மனாலி வழியா இறங்கலாம்னு பிளான். அண்ணியும் வர்றாங்க, அவங்க கனடா பாஸ்போர்ட். இது சரியா வருமா, பெர்மிட் என்னென்ன வேணும்?"

கின்னௌர்ங்கறது ஹிமாச்சல் பிரதேசத்துல ஒரு மலை மாவட்டம், ஷிப்கி லா அங்க திபெத் எல்லைல இருக்கிற கணவாய், காஸா பக்கத்துல ஸ்பிட்டி பள்ளத்தாக்குல இருக்கிற ஊர். நேரா சொல்லிடுறேன்மா, 8 நாள்ல இவ்வளவும் வராது. ஆனா அப்பா ஆசைப்படுற இடம் மட்டும் தாராளமா வரும், அதுவும் நல்லா நிதானமா வரும். செப்டம்பர் கடைசிங்கறது ரொம்ப சரியான நேரம். மழை ஓஞ்சிருக்கும், வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும், கின்னௌர்ல ஆப்பிள் பறிச்சிட்டு இருப்பாங்க.

இந்த ரோட்டை பத்தி கொஞ்சம் தெரிஞ்சிக்கிட்டா நான் ஏன் இப்படி சொல்றேன்னு புரியும். 1850ல கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்துல ஆரம்பிச்ச ஹிந்துஸ்தான் திபெத் ரோடுதான் இது, இன்னிக்கு தேசிய நெடுஞ்சாலை 5. சிம்லா, நார்கண்டா தாண்டி இறங்கி, அப்புறம் ராம்பூர், ரெக்காங் பியோ (சுருக்கமா பியோ, கின்னௌரோட மாவட்டத் தலைநகர்), பூஹ்னு சட்லெஜ் ஆத்தை ஒட்டியே மேல ஏறிக்கிட்டு போயி ஷிப்கி லாவுல முடியுது. பேருக்கு ஏத்த மாதிரி திபெத்துக்குள்ள போறதுக்குன்னே போட்ட பாதை, கம்பளி, உப்பு எல்லாம் இந்த வழியாத்தான் கீழ வந்துச்சு. நவம்பர்ல ராம்பூர்ல நடக்கிற லவி மேளா கூட இந்தப் பக்கத்தை ஆண்ட புஷஹர் ராஜாவுக்கும் திபெத்துக்கும் நடந்த வியாபார ஒப்பந்தத்தை ஒட்டி வந்த சந்தைன்னுதான் சொல்லுவாங்க. 1962 சண்டையோட அந்த வியாபாரம் நின்னுச்சு, 1990கள்ல எல்லையோர கிராமத்து வியாபாரிகளுக்கு மட்டும் கொஞ்சமா திறந்து விட்டாங்க, 2020ல அதுவும் நின்னுச்சு. 2025 ஆகஸ்ட்ல இந்தியாவும் சீனாவும் பேசி இந்த வழில வியாபாரத்தை திரும்ப ஆரம்பிக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க, ஆனா அது வியாபாரிகளுக்கு. உங்களுக்கும் எனக்கும் அது மூடின எல்லைதான், அதாவது ரோடு அங்க முடிஞ்சுடும், போன வழியிலேயே காப் வரைக்கும் திரும்பி வந்தாகணும்.

காப்னு ஒரு இடம் இருக்கு, திபெத்துல இருந்து வர்ற சட்லெஜும் ஸ்பிட்டி ஆறும் அங்கதான் சேருது, ரோடும் அங்கதான் ரெண்டா பிரியுது. ஒரு கை நம்கியா கிராமம் வழியா ஷிப்கி லாவுக்கு, இன்னொரு கை பாலம் தாண்டி கொண்டை ஊசி வளைவா ஏறி நாக்கோ, சும்தோ, தாபோ, காஸாவுக்கு. உங்க 8 நாளுக்கு இந்த ரெண்டு கைல ஒண்ணைத்தான் எடுக்க முடியும். அப்பாவுக்காகத்தான் இந்த ட்ரிப்புன்னா ஷிப்கி லாவை எடுங்க, காஸாவை இன்னொரு வருஷத்துக்கு விட்டுடுங்க. 11 நாள் லீவு கிடைச்சா ரெண்டும் பண்ணலாம்.

எல்லாரும் கூகுள் மேப்ல கிலோமீட்டரை பாத்து பிளான் போடுறாங்க, எனக்கு வர்ற பாதி கேள்வில அதுதான் பிரச்சனை. இந்த மலைல நீங்க பாக்க வேண்டியது ராத்திரி படுக்கிற ஊர் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு. பகல்ல எவ்வளவு மேல போயிட்டு வந்தாலும் உடம்பு ஓரளவு தாங்கும், ராத்திரி தூக்கத்துலதான் அது திணறும். 3,000 மீட்டருக்கு மேல போயிட்டா ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் 500 மீட்டருக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாதுன்னு மலை ஏறுறவங்களுக்கு டாக்டர்கள் சொல்ற கணக்கு. இதை வெச்சு பாத்தா, நார்கண்டா 2,700 சொச்சம், சராஹன் 2,100 சொச்சம், கல்பா 2,960, தாபோ 3,280, நாக்கோ 3,600க்கு மேல, காஸா அதுக்கும் மேல. ரோட்ல முதல்ல வர்றது நாக்கோதான், ஏரியும் கிராமமும் அழகா இருக்கும், அதனால நிறைய பேர் கல்பாவுல இருந்து கிளம்பி நாக்கோவுலயே தங்கிடுறாங்க, ராத்திரி முழுக்க தலைவலியோட உக்காந்திருக்காங்க. நாக்கோவுல மதிய சாப்பாடு சாப்பிட்டுட்டு கீழ இறங்கி தாபோ போயி தூங்குங்கன்னுதான் நான் எல்லாருக்கும் சொல்றது. தாபோ புத்த மடம் 996ல கட்டினது, மண் சுவருக்குள்ள இருக்கிற அந்த ஓவியங்களை சாயங்காலம் நிதானமா பாக்கலாம். இது பின்னாடி காஸா போகும்போது உங்களுக்கு உதவும்.

இப்ப உங்க 8 நாளுக்கு வர்றேன். சண்டிகர்ல காலைல கிளம்பி சிம்லாவுல நிக்காம நார்கண்டா போயிடுங்க, சிம்லா ட்ராஃபிக்ல அரை நாள் போயிடும், நார்கண்டாவுல குளிர் பழகும். ரெண்டாவது நாள் ராம்பூர் இறங்கி சராஹன் ஏறி பீமாகாளி கோயில், மரமும் கல்லும் மாத்தி மாத்தி அடுக்கி கட்டின கோயில், அம்மாவுக்கு ரொம்ப பிடிக்கும். மூணாவது நாள் கல்பா. அங்க மூணு ராத்திரி ஒரே ரூம்ல தங்குங்க, பெட்டியை பிரிச்சு கட்டுற வேலையும் இல்ல. நாலாவது நாள் எங்கயும் போகாதீங்க, கிராமத்துக்குள்ள நடங்க, எதிர்ல கின்னர் கைலாஷ் மலை 6,000 மீட்டருக்கு மேல நிக்குது, வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்தாலே போதும். (சுதந்திர இந்தியாவோட முதல் வாக்காளர் ஷியாம் சரண் நேகி இந்த ஊர்க்காரர்தான். பனி விழுந்தா ரோடு மூடிடும்னு இந்தப் பக்கம் மட்டும் 1951 அக்டோபர்லயே ஓட்டுப்பதிவு நடத்தினாங்க, இங்க குளிர்காலம் எவ்வளவு சீக்கிரம் வருதுன்னு இதுலயே தெரியும்.) அன்னிக்கு யாராவது ஒருத்தர் பியோ இறங்கி ஷிப்கி லா விஷயத்தை விசாரிச்சுட்டு வரட்டும். அஞ்சாவது நாள் விடியக்காலைல கிளம்பி ஷிப்கி லா, சாயங்காலத்துக்குள்ள திரும்ப கல்பா. நீளமான நாள்தான், ஆனா 3,900 மீட்டர் சொச்சம் ஏறிட்டு 2,960ல வந்து தூங்குறீங்க, அப்பா உடம்புக்கு இதுதான் பாதுகாப்பு. ஆறாவது நாளை சும்மா விட்டு வைங்க, ரோடு மூடினாலோ வானிலை சரியில்லன்னாலோ அதுதான் கை குடுக்கும், எதுவும் ஆகலன்னா கர்ச்சம் வழியா சாங்லா போயி தங்கிக்கலாம். ஏழாவது நாள் ராம்பூர் இல்ல நார்கண்டா, எட்டாவது நாள் சண்டிகர்.

மனாலி வழி வேண்டாம்னு நான் அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. காஸாவுல இருந்து மனாலி போகணும்னா முதல்ல 4,500 மீட்டருக்கு மேல இருக்கிற குன்ஸும் கணவாயை ஏறணும், அதாவது உடம்பு சரியில்லாத ஆளை கீழ இறக்கணும்னா முதல்ல மேல ஏத்தணும். அப்புறம் மனாலி ரோட்டை தொடுற கிராம்ஃபு வரைக்கும் கல்லும் தண்ணியுமா ஒரு ரோடு, நடுவுல ஆஸ்பத்திரின்னு சொல்லிக்கிற மாதிரி எதுவும் கிடையாது. இளவட்டங்க போகட்டும். 68 வயசு ஆளுக்கு, பிபி இருக்கிறவருக்கு, கின்னௌர் வழிதான். அந்த வழில காஸாவுல இருந்து திரும்பினாலும் நாக்கோ மேட்டை தாண்டிட்டா இறக்கம்தான், பியோவுல மாவட்ட ஆஸ்பத்திரி, ராம்பூர் பக்கத்துல கனேரில பெரிய ஆஸ்பத்திரி.

பெர்மிட் விஷயம். இந்தியர்களுக்கு பியோ, நாக்கோ, காஸா ரோட்டுக்கு பெர்மிட்டே வேண்டாம், சும்தோ செக்போஸ்ட்ல பேர் எழுதுவாங்க அவ்வளவுதான், அடையாள அட்டை மட்டும் ஒரிஜினல் வெச்சுக்கோங்க. ஷிப்கி லாவை 2025 ஜூன்லதான் டூரிஸ்ட்டுக்கு திறந்தாங்க, இந்தியர்கள் ஆதார் காட்டி போகலாம். ஆனா அது ராணுவமும் ஐடிபிபின்னு சொல்ற திபெத் எல்லை காவல் படையும் நிக்கிற இடம், எந்த நாள்லயும் எந்த காரணத்துக்காகவும் நிறுத்தலாம், அதை கேள்வி கேக்க முடியாது, அப்பாவுக்கு இது நல்லாவே புரியும். அதனால முந்தின நாளே பியோவுல மாவட்ட நிர்வாக ஆபீஸ்ல கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. போட்டோ எங்க எடுக்கலாம்னு அங்க இருக்கிற ஜவான்கிட்ட கேட்டுட்டு எடுங்க, ட்ரோனை வீட்லயே வெச்சுட்டு வாங்க.

அண்ணி ஷிப்கி லா வர முடியாது, வெளிநாட்டு பாஸ்போர்ட்டுக்கு அங்க அனுமதி இல்ல. ஓசிஐ கார்டு இருந்தாலும் இந்த விஷயத்துல வெளிநாட்டவர் கணக்குதான், இதை நிறைய குடும்பம் கடைசி நேரத்துலதான் தெரிஞ்சிக்கிட்டு சங்கடப்படுது. கல்பா வரைக்கும் அவங்களுக்கு எந்த பெர்மிட்டும் வேண்டாம். பியோவுக்கு மேல இருக்கிற ஜங்கிக்கும் சும்தோவுக்கும் நடுவுல போறதா இருந்தா மட்டும் பாதுகாக்கப்பட்ட பகுதி பெர்மிட் வேணும், பியோவுலயே எடுக்கலாம், பாஸ்போர்ட், விசா காப்பி, போட்டோ வேணும், ஞாயித்துக்கிழமை ஆபீஸ் இருக்காது. உங்க பிளான்ல அந்த அஞ்சாவது நாள் மட்டும் அவங்களும் அண்ணனும் கல்பாவுல இருக்கட்டும், இதை இப்பவே அவங்ககிட்ட சொல்லிடுங்க, செக்போஸ்ட்ல போயி தெரிய வேண்டாம்.

ரோட்டை பத்தி பயமுறுத்த வரல, ஆனா தெரிஞ்சே போகணும். 2021 ஆகஸ்ட் 11 இதே ரோட்ல நிகுல்சாரில மலை சரிஞ்சு அரசு பஸ் உட்பட வண்டிங்க புதைஞ்சு 28 பேர் இறந்தாங்க, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி சாங்லா பள்ளத்தாக்குல பட்சேரிகிட்ட பாறை விழுந்து டூரிஸ்ட் 9 பேர் போனாங்க. ரெண்டுமே மழைக்காலம். பியோவுக்கு மேல மழை மறைவு பிரதேசம், அங்க ஜூலைல கூட காஞ்சு கிடக்கும், அதை நம்பி ஜூலைல கிளம்புறவங்க ராம்பூருக்கும் வாங்டூவுக்கும் நடுவுலதான் மாட்டிக்கிறாங்க. நீங்க செப்டம்பர் கடைசில போனாலும் முந்தின ரெண்டு நாள் பலமா மழை பெஞ்சிருந்தா ராம்பூர்லயே ஒரு நாள் பொறுங்க. ராத்திரில ஓட்டவே வேண்டாம், இருட்டுல மேல இருந்து கல்லு வர்றது தெரியாது. டிரைவர் அந்த பக்கத்து ஆளா இருக்கட்டும், சண்டிகர் டிரைவரா இருந்தா இதுக்கு முன்னாடி கின்னௌர் ஓட்டியிருக்காரான்னு கேட்டுட்டு புக் பண்ணுங்க. வழில இருக்கிற தரண்டா தேவி கோயில்ல வண்டியை நிறுத்தி கும்பிட்டுட்டு போற டிரைவரா இருந்தா அவருக்கு இந்த ரோடு தெரியும்னு அர்த்தம்.

ஆத்து பக்கம் இறங்காதீங்க, இதை யாரும் சொல்ல மாட்டாங்க அதனால நான் சொல்றேன். சட்லெஜ்ல மழையே இல்லாமலும் தண்ணி ஏறும். ஒண்ணு, நாத்பா ஜாக்ரி, கர்ச்சம் வாங்டூன்னு பெரிய மின் நிலையங்க இருக்கு, தண்ணி திறந்து விடுவாங்க, சைரன் கேட்டா மேல வந்துடணும். ரெண்டு, ஆத்துக்கு எல்லை கிடையாது. 2000 ஆகஸ்ட் 1 அன்னிக்கு வந்த வெள்ளத்துல இந்த பள்ளத்தாக்குல பாலங்களும் ரோடும் அடிச்சுக்கிட்டு போச்சு. 2004ல திபெத் பக்கம் பரேச்சு ஆத்துல மலை சரிஞ்சு ஒரு ஏரியே உருவாகி 2005 ஜூன்ல உடைஞ்சு இந்த பக்கம் வந்துச்சு, முன்னாடியே தெரிஞ்சதால ஆத்தோரத்து ஜனங்களை மேல ஏத்தி காப்பாத்தினாங்க.

கடைசியா அப்பா உடம்பு. கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடி அவர் டாக்டரை பாத்து உயரத்தை சொல்லி கேளுங்க, மலை உயரத்துல வர்ற நோய்க்கு போடுற டயமாக்ஸ் மாத்திரையை நீங்களா கடைல வாங்கி குடுக்காதீங்க, பிபி மாத்திரைலயே நீர் பிரியுற மருந்து இருந்தா அது வேற கணக்கு, சல்ஃபா அலர்ஜி இருந்தாலும் டாக்டர்கிட்ட சொல்லிடணும். மாத்திரையை ரெண்டு பங்கா பிரிச்சு ரெண்டு பைல வைங்க. தலைவலியோட வாந்தி வந்தா அன்னிக்கு மேல ஏறக் கூடாது, நடை தடுமாறினாலோ சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காலை வரைக்கும் பொறுக்காம உடனே கீழ இறக்குங்க. ராணுவத்துல இருந்தவங்க வலியை வெளில சொல்ல மாட்டாங்க, அதனால அம்மாகிட்ட சொல்லி வைங்க, ராத்திரி அவர் தூங்கினாரா இல்லையான்னு அவங்கதான் பாத்து சொல்லணும்.

பணம் கைல வெச்சுக்கோங்க, பியோவுல ஏடிஎம் இருக்கு, அதுக்கு மேல போறப்ப நம்ப முடியாது. பியோவுக்கு கீழ பவாரில டேங்க்கை ஃபுல் பண்ணிட்டுதான் ஷிப்கி லா பக்கம் கிளம்பணும். சாப்பாடுக்கு கவலையே வேண்டாம், சாதம், பருப்பு, ராஜ்மா வழி முழுக்க கிடைக்கும், அம்மாவுக்கு ஊறுகாய் மட்டும் எடுத்துக்கிட்டா போதும். ரிட்டர்ன் ஃப்ளைட்டை தேதி மாத்திக்கிற டிக்கெட்டா எடுங்க, கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்ல, ரோடு மூடின அன்னிக்கு அந்த டிக்கெட்டுக்காக அவசரப்பட்டு யாரும் வண்டி எடுக்க மாட்டீங்க.