வாசகர் கேள்வி பதில்: சிறுவர் மைதானத்திலிருந்து என்.எஃப்.எல். வரை

இந்த இதழின் கேள்விகள் எல்லாமே அமெரிக்கன் ஃபுட்பால் தடுப்பாட்டக்காரர்களைப் பற்றியவை. நாவல் எழுதும் வாசகர் ஒருவரின் கடிதம்தான் தொடக்கம்.

கேள்வி: டெக்சாஸில் மிகச் சிறிய ஊர் ஒன்றில் பிறந்த சிறுவன் தடுப்பாட்டக்காரனாக வளர்ந்து என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் வரை போவதாக நாவல் எழுதுகிறேன். ஆறு வயதில், முதல் ஆட்டத்திலேயே, எதிராளியைத் தூக்கி வீழ்த்துகிறான். தெரிந்தவர்கள் படித்தால் நம்புவார்களா?

பதில்: ஆறு வயதில் டேக்கிள், அதாவது பந்தோடு ஓடுபவனைப் பிடித்துத் தரையில் சாய்க்கும் ஆட்டம், ஆடும் பிள்ளைகள் உண்டு. 1929ல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய பாப் வார்னர் அமைப்பில் 5 முதல் 7 வயதுக்கே தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் அந்த வயதில் தூக்கி வீழ்த்துவது நடக்காது. ஹெல்மெட்டும் தோள் கவசமும் போட்ட குழந்தைகள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து விழுவார்கள், அவ்வளவுதான். உங்கள் நாயகனை ஃபிளாக் ஃபுட்பாலில் தொடங்கவைப்பது நல்லது. இடுப்புப் பட்டையில் தொங்கும் துணிக்கொடியை உருவிவிட்டால் அந்த ஆட்டம் அங்கேயே நிற்கும். கொடியை உருவ வேண்டுமானால் ஓடுபவனின் இடுப்பைப் பார்த்தாக வேண்டும். தலையையும் தோளையும் ஆட்டி ஏமாற்றலாம், இடுப்பைத் திருப்பாமல் யாராலும் திசை மாற முடியாது. பிற்காலத்தில் அவனைக் காப்பாற்றப்போகும் பழக்கம் இது.

கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்பதையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். பாப் வார்னர் 2012ல் மோதல் பயிற்சிக்கு நேர வரம்பு வைத்தது. 2016ல் மிகச் சிறிய வயதுப் பிரிவுகளில், ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதையான கிக்ஆஃப் நீக்கப்பட்டது. அதற்குப் பிந்தைய கதையில் ஆறு வயதுச் சிறுவன் கிக்ஆஃப் ஓட்டத்தில் மோதினால் கூர்மையான வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

இன்னொன்று, ஊர் உண்மையிலேயே மிகச் சிறியது என்றால் அந்தப் பள்ளியில் 11 பேர் கொண்ட அணியே இருக்காது. டெக்சாஸில் சிறிய பள்ளிகள் ஆறு பேர் ஃபுட்பால் ஆடுகின்றன. மைதானம் 80 கெஜ நீளம், 40 கெஜ அகலம். முதல் டவுனுக்கு, அதாவது பந்தைத் தங்களிடமே வைத்துக்கொள்ள நான்கு முயற்சிக்குள் கடக்க வேண்டிய தூரத்துக்கு, 10 கெஜம் போதாது, 15 வேண்டும். ஆறு பேரும் பந்தைப் பிடிக்கத் தகுதியுள்ளவர்கள். ஆகவே தடுப்பவன் பெரும்பாலும் திறந்த வெளியில், உதவிக்கு ஆளில்லாமல், தனியாக டேக்கிள் செய்ய வேண்டியிருக்கும். நாவலுக்கு இது பொக்கிஷம், விட்டுவிடாதீர்கள். பெரிய ஊரைத் தேர்ந்தால் காட்சி தலைகீழ். ஆலன் நகரப் பள்ளி மைதானம் 2012ல் சுமார் 6 கோடி டாலர் செலவில், 18,000 பேர் உட்காரும்படி திறக்கப்பட்டது.

மதிப்பெண்ணையும் மறக்க வேண்டாம். 1984 முதல் டெக்சாஸில் பாடத்தில் 70க்குக் கீழே வாங்கினால் ஆட முடியாது. வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்தை ஓர் அல்ஜீப்ரா தேர்வு தடுத்துவிடும்.

கேள்வி: டேக்கிளைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? எங்கே தவறு நேர்கிறது?

பதில்: முதலில் எதிராளியே இல்லாமல் அசைவு மட்டும். பிறகு பஞ்சுப் பை அல்லது உருளும் வளையம். பிறகு நடை வேகத்தில் இன்னொரு பையன். அடுத்து முழு வேகத்தில் மோதல், ஆனால் தரையில் சாய்க்கக் கூடாது. கடைசியில்தான் நிஜ டேக்கிள். இந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கவைக்கும் பயிற்சியாளரிடம் பிள்ளையை விடக் கூடாது.

அசைவு இப்படி: தூரத்தை வேகமாகக் குறைக்க வேண்டும். சுமார் மூன்று கெஜம் இருக்கும்போது காலடிகளைச் சுருக்கி, இடுப்பைத் தாழ்த்த வேண்டும். நேருக்கு நேர் ஓடாமல் ஓடுபவனின் ஒரு பக்கத்தைப் பிடித்து ஓடினால் அவனுக்கு ஒரே வழிதான் மிஞ்சும். மோதும் தோள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் கால் அவனுக்கு நெருக்கமாக ஊன்ற வேண்டும். கண் அவன் தொடையில். தலை வெளியே, அவன் உடலுக்குப் பின்பக்கமாக. தோள் தொடையில் பதிந்ததும் இரு கைகளும் கால்களைச் சுற்றி இறுக்க, தன் கால்களை நிறுத்தாமல் ஐந்து காலடி ஓட வேண்டும்.

பெரும்பாலான டேக்கிள் தவறுவது கால் நின்றுபோவதால்தான். பையன் இரண்டு கெஜம் முன்பே பாய்ந்துவிடுவான். காற்றில் இருப்பவனால் திசை மாற்ற முடியாது. கையை மட்டும் நீட்டிப் பிடிக்கப் பார்ப்பது அடுத்த தவறு.

ஆபத்தான தவறு தலையைக் குனிவது. நிமிர்ந்திருக்கும் கழுத்தெலும்புக்கு இயல்பாக ஒரு வளைவு உண்டு. சுமார் 30 டிகிரி குனிந்தால் அந்த வளைவு போய் எலும்புகள் நேர்கோட்டில் நிற்கும். அப்போது உச்சந்தலையில் விழும் அடியைத் தசைகளால் வாங்க முடியாது, முழு விசையும் எலும்பில் இறங்கும். தலையை முன்னிறுத்தி மோதுவது பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் 1976ல் தடைசெய்யப்பட்டது. அதன்பின் கழுத்து முறிந்து உடல் செயலிழக்கும் விபத்துகள் பெரிதும் குறைந்தன. தலையைத் தாழ்த்தி ஹெல்மெட்டால் மோதுவதை என்.எஃப்.எல். 2018ல் தனிக் குற்றமாக்கியது. பின்னாலிருந்து பிடித்து, இடுப்பைச் சுழற்றி, ஓடுபவனின் கால்மேல் விழும் டேக்கிளை 2024ல் தடைசெய்தது. பழைய காணொலிகளைப் பார்த்து மட்டும் எழுதினால் இங்கே வழுக்கிவிடும்.

கேள்வி: லைன்பேக்கர் பந்தைப் பார்ப்பதில்லையாமே? அப்புறம் எதைத்தான் பார்க்கிறார்?

பதில்: லைன்பேக்கர் தடுப்பு முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர். அவர் எதிரணியின் கார்டைப் பார்க்கிறார். பந்தைக் கொடுக்கும் சென்டருக்கு இரு பக்கமும் நிற்பவர்கள் கார்டுகள். நடு லைன்பேக்கர் பந்திலிருந்து நான்கைந்து கெஜம் தள்ளி நிற்பார். பந்து நகர்ந்த கணத்தில் கார்டின் ஹெல்மெட் தாழ்ந்து முன்னே வந்தால் ஓட்டம். நிமிர்ந்து பின்வாங்கினால் பாஸ், அதாவது பந்து வீச்சு. வரிசையை விட்டுப் பக்கவாட்டில் ஓடினால் பந்தும் அந்தத் திசைக்கே போகும். முதல் காலடி ஆறு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் படித்தது தவறாக இருந்தால் திரும்ப வேண்டும்.

சென்டரிடம் பந்தை வாங்கி வீசும் குவார்ட்டர்பேக்கின் கையைப் பார்க்கும் பையன் பொய்க் கைமாற்றத்தில் ஏமாறுவான். இரண்டடி முன்னே வந்துவிட்டால் போதும், பின்னால் திறந்த இடத்தில் பந்து பறந்துவிடும். பள்ளியில் வேகத்தால் இதைச் சமாளிக்கலாம். கல்லூரியில் எல்லோருமே வேகம். பெரும்பாலான திறமைசாலிகள் தேங்குவது இந்த இடத்தில்தான் என்பது எங்கள் கருத்து. கை பலத்தை ஜிம்மில் ஏற்றிக்கொள்ளலாம், கண்ணுக்குப் பழக்கம் வர ஆண்டுக்கணக்காகும்.

ஒவ்வொரு தடுப்பாட்டக்காரனுக்கும் ஓர் இடைவெளி பொறுப்பு. சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே ஏ, கார்டுக்கும் அவருக்கு வெளியே நிற்கும் ‘டேக்கிள்’ என்ற ஆட்டக்காரருக்கும் நடுவே பி, அதற்கு வெளியே சி. தன் இடைவெளியை விட்டுவிட்டு நாயகனாகப் பாய்பவன் ஒருமுறை கைதட்டல் வாங்குவான், அடுத்தமுறை அதே இடைவெளியில் 40 கெஜ ஓட்டம் போகும். தொழில்முறை ஆட்டத்தில் ஒரு தடுப்பாட்டக்காரரின் ஹெல்மெட்டில் பச்சைப் புள்ளி இருக்கும். 2008 முதல் பயிற்சியாளரின் குரல் அவர் காதில் கேட்கும். ஒவ்வொரு முறையும் பந்தை எடுப்பதற்குமுன் இறங்குமுகமாக ஓடும் கடிகாரம் 15 நொடிக்கு வந்ததும் அது அறுந்துவிடும். அதன்பின் எதிரணி வரிசையை மாற்றினால், பத்துப் பேரையும் இடம் மாற்றிக் கத்த வேண்டியது அவர் பொறுப்பு.

கேள்வி: பள்ளியில் சேஃப்டியாக, அதாவது தடுப்பில் எல்லோருக்கும் பின்னால் நிற்பவனாக, ஆடுபவன் கல்லூரியில் வேறு இடத்துக்கு மாறுவது நடக்குமா?

பதில்: அடிக்கடி நடக்கும். உடல்தான் தீர்மானிக்கிறது. தொழில்முறையில், பந்து பிடிப்பவர்களை மறிக்கும் கார்னர்பேக் ஏறத்தாழ 85–90 கிலோ, லைன்பேக்கர் 102–111, ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவர் 113–122, நடுவரிசை ஆட்டக்காரர் 130க்கு மேல். பதினாறு வயதில் 86 கிலோ சேஃப்டி இருபதில் லைன்பேக்கராவது இயல்பு. அவசரப்பட்டு ஒரே கோடையில் 12 கிலோ ஏற்றினால் இடுப்பின் வளைவும் முதல் பத்து கெஜ வேகமும் போய்விடும். ஆண்டுக்கு ஐந்தாறு கிலோ என்று எழுதுங்கள். ஜே.ஜே. வாட் சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பந்து பிடிக்கும் டைட் எண்டாக இருந்தவர். உதவித்தொகை இல்லாமல் விஸ்கான்சினில் சேர்ந்து, தடுப்பு வரிசைக்கு மாறி, 2011ல், என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 11ஆவது தேர்வாக ஹூஸ்டன் அணிக்குப் போனார். மூன்று முறை ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர். நடுவரிசைக்கு உயரம் போதாது என்று பேசப்பட்ட ஆரோன் டொனால்டும் அதே விருதை மூன்று முறை வாங்கினார்.

கேள்வி: கல்லூரி எப்படித் தேர்ந்தெடுக்கிறது? திறமை இருந்தால் போதாதா?

பதில்: போதாது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் ஆட 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, அவற்றில் 4 புள்ளிக்குச் சராசரி 2.3 எடுத்திருக்க வேண்டும். பலர் விழும் குழி இது: அவற்றில் 10 பாடங்களைக் கடைசி ஆண்டு தொடங்கும் முன்பே முடிக்க வேண்டும், அந்த மதிப்பெண்களைப் பிறகு எழுதி உயர்த்திக்கொள்ள முடியாது. ஒன்பதாம் வகுப்பில் விளையாட்டாக விட்ட கணக்குப் பாடம் மூன்று ஆண்டு கழித்து வந்து நிற்கும். தவறினால் இரண்டாண்டு ஜூனியர் கல்லூரி வழியாகச் சுற்றி வரலாம்.

காணொலித் தொகுப்பு மூன்று நான்கு நிமிடம் போதும், முதல் அரை நிமிடத்தில் சிறந்தவை வர வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஆட்டம் தொடங்குமுன் தன்னை அம்புக்குறியால் காட்ட வேண்டும். பலத்த மோதல்களை மட்டும் அடுக்குவது தவறு. மறுபக்கம் போன ஆட்டத்தை மைதானம் முழுக்கத் துரத்திப் பிடித்த ஒரு துண்டு, பயிற்சியாளருக்குப் பத்து மோதல்களைவிட அதிகம் சொல்லும்.

2018ல் வந்த, கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் கொடுக்கும் இடமாற்றப் பதிவேடும், 2021 ஜூலை முதல் தன் பெயர், படம் ஆகியவற்றைக்கொண்டு மாணவர் சம்பாதிக்கலாம் என்ற அனுமதியும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டன. ஒரே கல்லூரியில் நான்காண்டு காத்திருந்து இடம்பிடிக்கும் கதை இன்று அரிது.

கேள்வி: டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸில் நடக்கும் உடல்திறன் சோதனையான கம்பைனில் என்ன அளக்கிறார்கள்? கல்லூரியில் ஒரே ஆண்டு ஆடிவிட்டு நேராக என்.எஃப்.எல்.லுக்குப் போகலாமா?

பதில்: போக முடியாது. பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆக வேண்டும். மாரிஸ் கிளாரெட் என்ற கல்லூரி ஆட்டக்காரர் இதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2004ல் மேல்முறையீட்டில் தோற்றார்.

கம்பைனுக்கு 300க்கும் மேற்பட்டோர் அழைக்கப்படுகிறார்கள். 40 கெஜ ஓட்டத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் ஓரத் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு ஒரே ஆட்டத்தில் 40 கெஜம் நேராக ஓடும் வாய்ப்பு அரிது. அவருக்கு முக்கியம் முதல் 10 கெஜம்: 1.6 நொடி நல்ல நேரம். வளைந்து ஓடும் மூன்று கூம்புச் சோதனையில் 7 நொடிக்குள் வந்தால் நன்று, டேக்கிளைச் சுற்றி வளைந்து குவார்ட்டர்பேக்கை எட்டும் திறன் அதில் தெரியும். 225 பவுண்டு, அதாவது 102 கிலோ எடையை எத்தனை முறை தூக்குகிறார் என்பதும், கையின் நீளமும் பதிவாகும். மருத்துவப் பரிசோதனைதான் சத்தமில்லாமல் பலரைக் கீழே இறக்குவது: பழைய முட்டிக் காயம், தோள் நழுவல் எல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

கேள்வி: டிராஃப்டின் ஏழு சுற்றிலும் பெயர் வராவிட்டால் கதை முடிந்ததா?

பதில்: இல்லை. ஏழாம் சுற்று முடிந்த நிமிடமே தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கும். கோடை முகாமில் அணிக்கு 90 பேர். பருவம் தொடங்குமுன் 53 ஆகக் குறைப்பார்கள். பயிற்சிக் குழுவில் இன்னும் 16 பேர். தேர்வாகாத லைன்பேக்கர் 53க்குள் நுழையும் வழி பெரும்பாலும் சிறப்பு அணிகள்தான்: கிக்ஆஃபிலும், பந்தை எதிரணியிடம் உதைத்துவிடும் பன்ட்டிலும் முதலில் ஓடிப் போய் டேக்கிள் செய்வது. அதில் முகம் சுளிப்பவரை முதல் வாரமே அனுப்பிவிடுவார்கள். 2025ல் 53க்குள் வந்த புதியவரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 8,40,000 டாலர், பயிற்சிக் குழுவில் வாரம் 13,000 டாலர். பயிற்சிக் குழுவில் இருப்பவரை ஒரு பருவத்தில் மூன்று ஆட்டங்கள் வரை முதன்மை அணிக்கு அழைத்துக்கொள்ளலாம்.

கெண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஜேம்ஸ் ஹாரிசனை 2002ல் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பலமுறை நீக்கப்பட்டார். 2008ல் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் அவர்தான். அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் பந்தை இடைமறித்து 100 கெஜம் ஓடினார்.

கேள்வி: தலையில் அடிபட்டால் மறுநாளே ஆடுவதாக எழுதலாமா?

பதில்: இன்றைய கதையில் கூடாது. 2009ல் வாஷிங்டன் மாநிலம் தொடங்கிவைத்த சட்டம் 2014க்குள் 50 மாநிலங்களுக்கும் பரவிவிட்டது. மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் வந்தாலே பள்ளி மாணவர் அன்று வெளியே போக வேண்டும், திரும்ப மருத்துவ அனுமதி வேண்டும். மெதுவான ஓட்டம், தனிப் பயிற்சி, மோதல் இல்லாத பயிற்சி, முழு மோதல், ஆட்டம் என ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். தலைவலி திரும்பினால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். தன் இடம் பறிபோகும் என்று அறிகுறியை மறைக்கும் பையன்தான் உண்மையான ஆபத்தில் இருக்கிறான். அந்த அத்தியாயத்தை அக்கறையோடு எழுதுங்கள்.

கேள்வி: லைன்பேக்கர் 7ஆம் எண் சட்டை போடலாமா?

பதில்: என்.எஃப்.எல்.லில் 2021 முதல் போடலாம். இப்போது லைன்பேக்கர்களுக்கு 0 முதல் 59 வரையும், 90 முதல் 99 வரையும் அனுமதி. அதில் 0 மட்டும் 2023ல் சேர்ந்தது. 2021க்கு முன் ஒற்றை இலக்க எண் அவர்களுக்குக் கிடையாது, 40களே 2015ல்தான் கிடைத்தன. பள்ளியிலும் கல்லூரியிலும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே நாயகன் 2020ல் தொழில்முறைக்கு வந்தால், பள்ளியில் போட்ட 7ஐ விட்டுவிட்டு 40களிலோ 50களிலோ 90களிலோ ஓர் எண்ணைத் தேட வேண்டியிருக்கும்.