படலையைத் தட்ட ஓர் ஆள்

கேள்வி: கொக்குவிலில் வீட்டில் இருந்தபடியே கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். சம்பளத்தில் குறையில்லை. ஆனால் சில நாட்களில் அம்மாவைத் தவிர வேறு முகமே பார்ப்பதில்லை. அவவும் "வீட்டிலதானே நிக்கிறாய், இந்தத் தேங்காயைத் துருவித் தா" என்கிறா. விரும்பினால் கந்தோருக்கே வரலாம் என்று இப்போது நிறுவனம் சொல்கிறது. போகட்டுமா?
- 27 வயது வாசகி

பதில்: பிள்ளை, நான் 29 வருடம் அரச கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவள். தொண்ணூறுகளின் முதற்பாதியில், போர்க்காலத்தில், இங்கே யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை. எல்லாரும் சைக்கிள்தான். 1994இல் காய்ச்சலில் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் விடியவே, பக்கத்து மேசை அக்கா ஐந்து மைல் மிதித்து வந்து எங்கள் படலையைத் தட்டினா. கையில் ஒரு போத்தல் கஞ்சி. முந்திய கிழமைதான் ஒரு கோவைக்காக அவவோடு சண்டை பிடித்திருந்தேன்.

நான் வராவிட்டால் என் கதிரை வெறுமையாகத் தெரியும். வீட்டிலிருந்து செய்யும் வேலையில் உங்களுக்கு இல்லாதது அதுதான் என்று நினைக்கிறேன். தொழிலையும் நான் பாதி காதால்தான் படித்தேன், கந்தோர்ப் பெரியவர் மற்றவர்களுக்குக் கடிதம் சொல்லச் சொல்லக் கேட்டு.

அதற்காகக் கந்தோரைக் கோயிலாக்க மாட்டேன். பத்து மணித் தேத்தண்ணியோடு "கலியாணம் எப்ப?" என்ற கேள்வியும் வரும். அழுதுகொண்டு வீடு திரும்பிய நாட்கள் எனக்குண்டு.

உடனே மூட்டை கட்டாதீர்கள். கொழும்பில் அறை வாடகையும் சாப்பாடும் சம்பளத்தில் பெரும்பங்கைத் தின்னும். மாதத்தில் ஒரு கிழமை மட்டும் வரலாமா என்று கேளுங்கள். போனால் மத்தியானம் கூட வேலை செய்பவர்களோடு இருந்து சாப்பிடுங்கள்.

அம்மாவிடம் வேலை நேரத்தைச் சொல்லி வையுங்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் அரச ஊழியர்களையே வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்களே, அதை ஞாபகப்படுத்தினால் அவவுக்கு விளங்கும்.

மேசை வாடகைக்குத் தரும் இடங்கள் இப்போது யாழ்ப்பாணத்திலும் இருக்கின்றன. கிழமையில் இரண்டு நாள் போங்கள். அந்த நாட்களை மாற்ற வேண்டாம், செவ்வாய் என்றால் எப்போதும் செவ்வாய். அப்போதுதான் நீங்கள் வராத செவ்வாயை யாராவது கவனிப்பார்கள். அங்கே பழகும் ஒருத்திக்காவது உங்கள் வீட்டுக்கு வரும் வழியைச் சொல்லி வையுங்கள்.