வாசகர் கேள்வி–பதில்: நார்மண்டிக் கரையும் நூறு வயது வீரர்களும்

‘டி-டே’ என்பதில் உள்ள ‘டி’ எதைக் குறிக்கிறது?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

‘டே’ என்ற சொல்லின் முதலெழுத்துதான். வேறு பொருள் இல்லை. தேதி முடிவாகாத நிலையில் திட்டம் தீட்டும்போது ராணுவத்தார் தாக்குதல் நாளை இப்படிக் குறிப்பது வழக்கம். இரண்டாம் உலகப் போரில், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்சை மீட்க 1944 ஜூன் 5 என்று குறித்திருந்த நாள் வானிலையால் ஒரு நாள் தள்ளிப்போய், ஜூன் 6 அன்று நேச நாடுகளின் படைவீரர்கள் சுமார் 1,56,000 பேர் கடல்வழியாகவும் வான்வழியாகவும் பிரான்சின் நார்மண்டியில் இறங்கினார்கள். படையெடுப்பு தோற்றால் வெளியிடுவதற்காக, பழி முழுவதும் தன்னையே சேரும் என்று தளபதி ஐசனோவர் முன்கூட்டியே ஒரு குறிப்பை எழுதி வைத்திருந்தார். பதற்றமோ களைப்போ, அதில் தேதியை ஜூலை 5 என்று தவறாகப் போட்டிருந்தார்.

அந்தப் போரில் பங்கேற்று இன்னும் உயிரோடிருப்பவர்களை எவ்வாறு கௌரவிக்கிறார்கள்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

அன்று பதினெட்டு வயதில் கரையிறங்கியவருக்கு 2024-இல் 98 வயது. அந்த ஆண்டு நடந்த எண்பதாம் ஆண்டு விழாவில், பலர் சக்கர நாற்காலியில் வந்திருக்க, பிரெஞ்சு அதிபர் மக்ரோன் 11 அமெரிக்க வீரர்களுக்கு பிரான்சின் மிக உயரிய விருதான லெஜியன் தோனூரை அணிவித்தார். சிவாஜி கணேசனின் பெயரோடு சேர்த்து நாம் சொல்லிப் பழகிய ‘செவாலியே’ என்பது பிரெஞ்சு விருதுகளில் உள்ள ஒரு நிலை. பிரான்சின் விடுதலைக்காகப் போரிட்ட, உயிரோடிருக்கும் பிரிட்டன் வீரர்கள் அனைவருக்கும் லெஜியன் தோனூரின் அந்நிலையை வழங்க 2014-இல் பிரெஞ்சு அரசு முடிவு செய்தது. எழுபது ஆண்டு தாமதம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதே ஆண்டு, இங்கிலாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் இருந்த 89 வயது முன்னாள் கடற்படை வீரர், இல்லத்தாரிடம் சொல்லிக்கொள்ளாமல், மழைக்கோட்டுக்குள் பதக்கங்களை மறைத்துக்கொண்டு கப்பலேறி நார்மண்டி விழாவுக்குப் போய்விட்டார். போலீசார் இங்கே தேட, அவர் அங்கே தோழர்களோடு இருந்தார். மேடைப் பேச்சுகள் அத்தனையையும்விட எனக்கு அந்த மழைக்கோட்டுதான் பெரிதாகத் தெரிகிறது.

கடைசி வீரரும் மறைந்த பிறகு என்ன மிஞ்சும்?
– ஒரு வாசகர், சேலம்

பெயர்கள். 2021-இல் வெர்-சூர்-மேர் என்ற ஊரில் திறக்கப்பட்ட பிரிட்டன் நினைவிடத்தின் தூண்களில் 22,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. குண்டுவீச்சிலும் சண்டையிலும் மாண்ட நார்மண்டி மக்களுக்கும் அவ்விடத்தில் தனி நினைவுச்சின்னம் உண்டு. கோல்வில் ஊரின் அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் 9,300-க்கும் மேற்பட்ட வெள்ளைப் பளிங்குக் கற்கள் நிற்கின்றன. வெள்ளைக் கல்லில் வெட்டிய எழுத்து கண்ணுக்கு எளிதில் புலப்படாது. ஆகவே உறவினர் வரும்போது, கீழே, அன்று அமெரிக்க வீரர்கள் இறங்கிய ஒமாகா கடற்கரையிலிருந்து எடுத்துவந்த ஈர மணலைப் பணியாளர்கள் பெயரின் மீது தேய்த்துத் துடைக்கிறார்கள். பள்ளங்களில் மணல் தங்கி, பெயர் பொன்னிறத்தில் துலங்குகிறது. அடுத்த மழையில் அது கரைந்துபோகும். மறுபடி யாராவது வந்தால், மறுபடி மணல் தேய்ப்பார்கள்.