பெரிய பாய்லர் பொருத்தினால் வீடு நன்றாகச் சூடாகுமா?

கேள்வி: ரேடியேட்டர்கள் மூலம் எங்கள் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பாய்லருக்கு 20 வயதாகிறது, அதன் திறன் 30 கிலோவாட். இடையில் கூரைக்கு வெப்பக்காப்பு செய்து, சன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடியும் போட்டுவிட்டோம். புதியதைப் பொருத்த வந்தவர், 'எதற்கும் இருக்கட்டும்' என்று 35 கிலோவாட் கண்டென்சிங் பாய்லரைப் பரிந்துரைக்கிறார். குளிக்க வெந்நீரும் அதிலிருந்தே வர வேண்டும். அதை வாங்கலாமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். பழைய பாய்லரின் தகட்டில் உள்ள எண், உங்கள் வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்பதைச் சொல்வதில்லை. கூரையையும் சன்னல்களையும் சீர்செய்த பிறகு அந்த இழப்பு கட்டாயம் குறைந்திருக்கும்.

சுவர், கூரை, தரை, சன்னல் ஆகியவற்றின் வழியாகவும் காற்றுக் கசிவாலும் வெளியேறும் வெப்பத்தை அறை அறையாகக் கணக்கிட்டு எழுதித் தரும்படி பொருத்துபவரிடம் கேளுங்கள். அதற்கு முன், பழைய பாய்லர் ஓடும்போதே நீங்கள் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. குளிர் மிகுந்த ஒரு நாளில் வீட்டை ஒரே வெப்பநிலையில் வைத்து, 24 மணி நேர இடைவெளியில் எரிவாயு மீட்டரை இருமுறை குறித்துக்கொள்ளுங்கள். 20 கன மீட்டர் செலவாகியிருந்தால், ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ 10.5 கிலோவாட் மணி ஆற்றல் இருப்பதால், மொத்தம் 210 ஆகிறது. பழைய பாய்லர் அதில் 80 விழுக்காட்டை வீட்டுக்குத் தந்ததாகக் கொண்டால் 168. அதை 24 மணி நேரத்தால் வகுத்தால் 7 கிலோவாட். அன்று உள்ளே 20 பாகையும் வெளியே சராசரியாக 3 பாகையும் இருந்து, உங்கள் பகுதியின் கடுங்குளிரில் வெளி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 3 பாகை வரை இறங்குமானால், வேறுபாடு 17இலிருந்து 23 ஆகக் கூடுகிறது. தேவையும் சுமார் 9.5 கிலோவாட் ஆகிறது. 35 எங்கே, இந்த 9.5 எங்கே!

வெந்நீரின் கணக்கு வேறு. நிமிடத்துக்கு 10 லிட்டர் நீரை 35 பாகை உயர்த்த ஏறத்தாழ 24 கிலோவாட் தேவை. சேமிப்புத் தொட்டி இல்லாமல் அவ்வப்போது வெந்நீர் தரும் பாய்லர்களின் திறன் பெரிதாக இருப்பதற்கு இதுவே காரணம். எனவே அதிகபட்சத் திறனை விட, பாய்லர் எவ்வளவு குறைந்த அளவில் எரிய முடியும் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். ஐந்தில் ஒரு பங்கு வரைதான் இறங்கும் 35 கிலோவாட் பாய்லர் 7 கிலோவாட்டுக்குக் கீழே போகாது. மிதமான குளிரில் வீட்டுக்கு 3 கிலோவாட்டே போதும் என்னும்போது, அது பற்றுவதும் அணைவதுமாகவே இருந்து, எரிவாயுவை வீணாக்கித் தானும் தேய்ந்துபோகும். வெந்நீருக்குத் தனித் தொட்டி வைக்க இடமிருந்தால் சிறிய பாய்லரே போதும்.

கண்டென்சிங் என்ற பெயர் மட்டும் சிக்கனத்தைத் தந்துவிடாது. புகையில் உள்ள நீராவி குளிர்ந்து நீராகும்போது விடும் வெப்பத்தைப் பிடித்துக்கொள்வதுதான் அதன் சிறப்பு. ரேடியேட்டர்களிலிருந்து திரும்பி வரும் நீர் சுமார் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். நீரின் வெப்பநிலையைக் குறைத்தால் ரேடியேட்டர் தரும் வெப்பமும் குறையும் என்பது உண்மை: அறைக்கும் நீருக்கும் உள்ள வேறுபாடு 50இலிருந்து 30 பாகையாகும்போது அது ஏறக்குறைய பாதியாகிவிடும். வெப்பக்காப்பு செய்த உங்கள் வீட்டில் பல அறைகளுக்கு அந்தப் பாதியே போதுமானதாக இருக்கலாம்; போதாத அறைக்கு மட்டும் பெரிய ரேடியேட்டர் பொருத்துங்கள்.

கேள்வி: அந்தப் பாய்லரிலிருந்து வடியும் நீரை எங்கே விடுவது?

பதில்: அது அமிலத்தன்மை உள்ள நீர் என்பதால், உலோகக் குழாயைத் தவிர்த்து, பிளாஸ்டிக் குழாய் வழியாகக் கழிவுநீர்க் குழாயில் விட வேண்டும். இயன்றவரை வீட்டுக்குள்ளேயே இணைத்துவிடுங்கள். சுவருக்கு வெளியே மெல்லிய குழாயில் நெடுந்தூரம் ஓடினால், கடுங்குளிரில் நீர் உறைந்து அடைத்துக்கொண்டு, வெப்பம் மிகத் தேவைப்படும் நாளிலேயே பாய்லர் நின்றுவிடக்கூடும்.